மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.எச்.: அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறவர்களுக்கு

பி.டி.எஸ்., எம்.பி.பி.எஸ்., பி.பார்ம்., நர்சிங், பிசியோதெரபி என்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு, அடுத்து அமெரிக்காவில் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ரேங்க் என்ன, செலவு எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் பொதுச் சுகாதாரப் பள்ளியில் சேரப் போகிறவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்த மாநிலத்து மக்களுக்கு என்ன நோவு, அதைத் தீர்ப்பதில் இந்தப் பள்ளிக்கு என்ன பங்கு? இதற்கு விடை தெரிந்துகொண்டு போகிறவருக்குப் பாடத் தேர்வு, களப்பயிற்சி, வேலை தேடல் எல்லாவற்றிலும் வழி தெளிவாகத் தெரியும். அதனால் விண்ணப்பத்துக்கு முன் அதையே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இது யாருடைய பள்ளி?

அமெரிக்காவில் பொதுச் சுகாதார அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது செல்லுமா என்ற வழக்கில், செல்லும் என்று 1905-இல் உச்ச நீதிமன்றம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கூட்டரசும் அதன் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யும் பணம் தரும், வழிகாட்டும். தொற்று வந்தவர் யாரோடெல்லாம் பழகினார் என்று தேடிப் போவது, உணவகங்களைச் சோதிப்பது, தடுப்பூசி போடுவது, பிறப்பு இறப்புகளைப் பதிவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்வது மாநிலச் சுகாதாரத் துறையும் கவுன்டி சுகாதாரத் துறைகளும்தான். கவுன்டி என்பதை நம் மாவட்டம் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். அளவில் பெரும்பாலும் சிறியது. இந்தத் துறைகளுக்குத் தேவையான ஆட்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு மாநிலப் பல்கலைக்கழகங்களுடையது.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1936-இல் ஒரு பிரிவாகத் தொடங்கி 1940-இல் தனிப் பள்ளியாக ஆனதுதான், மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் உருவான முதல் பொதுச் சுகாதாரப் பள்ளி. மிச்சிகன் 1941-இலும், பெர்க்லி 1943-இலும், மினசோட்டா 1944-இலும் பின்தொடர்ந்தன. மிச்சிகன் பள்ளியின் தாமஸ் பிரான்சிஸ்தான் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிச் சோதனையை மதிப்பிட்டவர். ஏறக்குறைய 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை அது. தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்ற முடிவை 1955 ஏப்ரல் 12 அன்று ஆன் ஆர்பர் வளாகத்து அரங்கில் அவர் அறிவித்தார்.

அதே மாநிலத்தில் வேறொரு கதையும் உண்டு. 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரம் தன் குடிநீர் ஆதாரத்தை மாற்றியது. குழாய்களில் இருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பணியாற்றிய குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அத்தீஷா, மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்துத் தண்ணீர் மாறியதற்கு முன், பின் என்று ஒப்பிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஈய அளவு மிகுந்திருந்த குழந்தைகளின் விகிதம் 2.4-இலிருந்து 4.9 சதவீதமாக உயர்ந்திருந்தது. மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அவர் எம்.பி.எச். படித்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். இருக்கிற பதிவைச் சரியான கேள்வியோடு திறந்து பார்க்கத் தெரிந்ததால் ஒரு நகரத்தின் குழந்தைகளுக்காக அவரால் பேச முடிந்தது. எம்.பி.எச். எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

முதல் படி: எந்தப் பட்டம், எந்தப் பிரிவு

எம்.பி.எச். என்பது தொழில்முறைப் பட்டம். சுகாதாரத் துறை, மருத்துவமனை, தொண்டு நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றில் வேலை செய்ய ஆயத்தப்படுத்துவது. எம்.எஸ்., எம்.எஸ்.பி.எச். போன்றவை பெரும்பாலும் ஆய்வை நோக்கியவை, பிஎச்.டி. போக நினைப்பவருக்குப் பொருந்தும். ஒரே பள்ளியில் எல்லாமே இருக்கும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் எந்தெந்தப் பாடங்கள், ஆய்வேடு உண்டா, களப்பயிற்சி உண்டா என்று பாருங்கள்.

எம்.பி.எச்.சுக்குள்ளும் எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிரியல் புள்ளியியல்), சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் மேலாண்மையும், சுகாதார நடத்தை, தாய் சேய் நலம், ஊட்டச்சத்து என்று பிரிவுகள் உண்டு. இங்கே நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் 12 மாதம் வேலை செய்ய ஓ.பி.டி. என்ற அனுமதி கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பானால் மேலும் 24 மாதம். ஸ்டெம்மா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பட்டத்தின் பெயரல்ல, அதற்கு ஒதுக்கப்பட்ட சி.ஐ.பி. என்ற பாடப்பிரிவு எண். எபிடெமியாலஜிக்கு உரிய 26.1309, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு உரிய 26.1102 இரண்டும் பட்டியலில் உள்ளன. பொதுவான பொதுச் சுகாதாரத்துக்கு உரிய 51.2201 இல்லை. எபிடெமியாலஜி பிரிவில் எம்.பி.எச். படித்தாலும், அந்தப் பல்கலைக்கழகம் அதைப் பொது எண்ணில் பதிந்திருந்தால் ஸ்டெம் நீட்டிப்பு கிடையாது. சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எண் என்ன என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வந்ததும் அதே எண் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இதைச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும். மூன்று ஆண்டு வேலை அனுமதிக்காகவே எபிடெமியாலஜி எடுத்து, எண்களோடு மல்லுக்கட்ட மனமில்லாமல் இரண்டு ஆண்டும் தவிப்பவர்கள் உண்டு. மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவதிலும், திட்டம் வகுப்பதிலும், ஊரைக் கூட்டி ஒரு காரியத்தை நடத்துவதிலும் உங்களுக்கு ஆர்வம் என்றால் சுகாதார நடத்தை, தாய் சேய் நலம் போன்ற பிரிவுகளில் நீங்கள் வெகுதூரம் போவீர்கள். விசா கணக்கைப் பாருங்கள், அதை மட்டுமே பார்க்காதீர்கள்.

இன்னொன்று, பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் முழு ஆன்லைன் எம்.பி.எச். நடத்துகின்றன. அதற்கு ஐ-20 கிடைக்காது. எஃப்-1 மாணவரின் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் ஆன்லைன் பாடம், அதாவது மூன்று கிரெடிட் மட்டுமே சேரும். ஆன்லைன் எம்.பி.எச்.சும் வளாக எம்.பி.எச்.சும் விண்ணப்பத் தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: அங்கீகாரமும் தன்னறிக்கையும்

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரக் கல்விக்கு அங்கீகாரம் தருவது 1974-இல் உருவான சி.இ.பி.எச். என்ற அமைப்பு. எம்.பி.எச்.சுக்குக் குறைந்தது 42 கிரெடிட் வேண்டும் என்பது அதன் விதி. அது அங்கீகரிப்பவற்றில் 'பள்ளி', 'புரோகிராம்' என்று இரு வகை உண்டு. பள்ளி என்றால் பிரிவுகளும் முனைவர் படிப்புகளும் கூடுதலாக இருக்க வேண்டும், புரோகிராம் சிறியது. எம்.பி.எச். பட்டத்தின் மதிப்பில் இதனால் வேறுபாடு இல்லை. உங்களுக்கு வேண்டிய பிரிவு அங்கே இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அங்கீகாரம் உண்டு என்று தெரிந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கீகாரத்துக்காக ஒவ்வொரு பள்ளியும் தன்னைப் பற்றி நீண்ட தன்னறிக்கை ஒன்றைத் தயாரிக்கும். பெரும்பாலும் அது பள்ளியின் இணையதளத்திலேயே கிடைக்கும். எத்தனை சதவீதம் பேர் பட்டம் முடித்தார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள், மாணவர்கள் களப்பயிற்சி செய்த இடங்கள் எவை, பேராசிரியர்கள் மாநிலத்துக்குள் என்ன திட்டங்கள் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ரேங்க் பட்டியலைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். விண்ணப்பிக்க நினைக்கும் பள்ளிகளின் தன்னறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தால், எது உங்களுக்கு உரிய இடம் என்று தானாகவே விளங்கும்.

மூன்றாம் படி: விண்ணப்பம்

பெரும்பாலான பள்ளிகள் சோஃபாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகவே சேர்க்கை நடத்துகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். அடுத்த ஆண்டு ஃபால் பருவத்துக்கான கடைசித் தேதிகள் டிசம்பரில் தொடங்கிவிடும். வெளிநாட்டில் படித்தவர்கள் தங்கள் மதிப்பெண்களை டபிள்யூ.இ.எஸ். நிறுவனம் மூலம் மதிப்பீடு செய்து அனுப்ப வேண்டும். தாமதம் ஆவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவே டிரான்ஸ்கிரிப்டை மூடி முத்திரையிட்டோ மின்வழியிலோ நேராக அனுப்ப வேண்டும். நீங்களே அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். அந்தக் கவுன்ட்டரில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மற்ற எதையும் தொடங்குவதற்கு முன் இதைத் தொடங்குங்கள். மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படித்தவர்கள், அதை நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு பல இடங்களில் இப்போது தேவையில்லை. ஆங்கிலத் தேர்வு தேவை. பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் பெரிய பதவியில் இருப்பதைவிட உங்கள் வேலையை நேரில் பார்த்தவராக இருப்பது நல்லது.

எஸ்.ஓ.பி. (படிப்பு நோக்க அறிக்கை) எழுதும்போது 'சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை' என்று தொடங்காதீர்கள். நீங்கள் கண்ணால் கண்ட ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் வரிசையாக வந்த வாய்ப்புற்றுநோய், மாத்திரையைப் பாதியில் நிறுத்திய காசநோயாளி, ரத்தசோகையோடு வந்த கர்ப்பிணிகள் என எதுவாகவும் இருக்கட்டும். அதை ஒரு நோயாளியின் கதையாக நிறுத்திவிடாமல், ஏன் இத்தனை பேருக்கு, ஏன் இந்தப் பகுதியில் என்று கேளுங்கள். மருத்துவப் படிப்பிலிருந்து பொதுச் சுகாதாரத்துக்கு மாறுவது என்றால் இந்தக் கேள்விக்கு மாறுவதுதான். பிறகு அந்தப் பள்ளியில் அதே கேள்வியோடு வேலை செய்பவர் யார், அந்த மாநிலத்தில் அதற்கு ஒத்த சிக்கல் எது என்று இரண்டு வரி எழுதுங்கள். தன்னறிக்கை படித்தவரால் இதை எழுத முடியும். மற்றவர்கள் இணையதள முகப்பில் இருப்பதையே திருப்பி எழுதுவார்கள்.

நான்காம் படி: பணம்

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்த கட்டணம் அந்த மாநிலவாசிகளுக்கு. அவர்களுடைய வரியில் நடப்பதால் அவர்களுக்குச் சலுகை. எஃப்-1 மாணவர் எத்தனை ஆண்டு அங்கே இருந்தாலும் பொதுவாக வெளி மாநிலக் கட்டணமே கட்ட வேண்டும். கட்டணத்தைப் பார்க்கும்போது ட்யூஷனோடு பருவக் கட்டணங்கள், பள்ளிக்கு மட்டுமே உரிய கூடுதல் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

ட்யூஷனைக் குறைக்கும் பெரிய வழி அசிஸ்டன்ட்ஷிப், அதாவது பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை. ஆனால் ஆய்வுப் பட்டங்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு எம்.பி.எச்.சுக்குக் கிடைப்பதில்லை. சில பல்கலைக்கழகங்களில் எம்.பி.எச். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் படிப்பாக நடத்தப்படுவதால், வேறு துறையில் அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தாலும் ட்யூஷன் தள்ளுபடி செல்லுபடியாகாது. இதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள். ஆய்வு உதவியாளர் இடங்களுக்குப் பெரும்பாலும் கூட்டரசு மானியமே அடித்தளம். 2025-இல் பல மானியங்கள் பாதியில் நிறுத்தப்பட்டன. ஆகவே 'போனதும் ஃபண்டிங் கிடைத்துவிடும்' என்ற நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள். கையில் கடிதமாக வந்திருக்கும் தொகையை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஐந்தாம் படி: கிளம்புவதற்கு முன்

ஐ-20 வந்ததும் பெயர், பிறந்த தேதி, படிப்பு எண், தொடக்கத் தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான கட்டணம் 350 டாலர், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாள்களுக்கு முன்னால் எஃப்-1 விசாவில் நுழைய முடியாது.

தடுப்பூசிப் பதிவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தடுப்பூசி இரண்டு தவணைக்கான சான்றைப் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். பழைய அட்டை தொலைந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம், இரண்டு தவணைக்கும் இடையில் 28 நாள் வேண்டும். காசநோய்ச் சோதனையும் கேட்பார்கள். நமக்குக் குழந்தையிலேயே பி.சி.ஜி. போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய்த்தொற்று இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது. அதைக் கேட்டு வாங்குங்கள். பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறவருக்கு ஒரு சோதனையின் தனித்தன்மை (நோய் இல்லாதவரை இல்லை என்றே காட்டும் திறன்) பற்றிய முதல் பாடமும் இதுவே.

ஆறாம் படி: முதல் மாதம்

போனவுடன் செய்ய வேண்டியவை: சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிவு, காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு. முழுநேரப் படிப்புக்கு எத்தனை கிரெடிட் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முதுநிலைக்குப் பெரும்பாலும் ஒன்பது. ஒரு பாடத்தை விட்டுவிட நினைத்தால், விடுவதற்கு முன் அந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டு விடுங்கள். வளாகத்துக்குள் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

பள்ளியின் மாணவர் கையேட்டை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். ஆலோசகராக நியமிக்கப்பட்ட பேராசிரியரைச் சந்திக்கும்போது, "சார், நீங்க சொல்ற மாதிரியே செய்றேன்" என்று உட்காராதீர்கள். அங்கே அவர்கள் எதிர்பார்ப்பது நீங்கள் ஒரு திட்டத்தோடு வருவதை. எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எந்தக் கோடையில் களப்பயிற்சி, என்ன சிக்கலில் ஆர்வம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனால் அந்த அரைமணி நேரத்துக்குப் பயன் உண்டு.

ஜனவரி பிறந்ததும் வரி. வருமானமே இல்லாவிட்டாலும் படிவம் 8843 அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்கிய இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்குக் கிடைக்காத நிலையான கழிவை நாம் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வரி மென்பொருளில் இது வராது. பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தரும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: வகுப்பறை

முதல் பருவத்தில் எபிடெமியாலஜியும் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் ஒன்றாக வரும். கணக்கை விட்டுப் பல ஆண்டு ஆனவர்கள், கிளம்புவதற்கு முன்பே ஆர் என்ற இலவச மென்பொருளில் ஒரு தரவுக் கோப்பைத் திறக்கவும், அட்டவணை போடவும், ஒரு வரைபடம் வரையவும் பழகிவிடுங்கள். சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இன்னும் அரசுத் துறைகளில் புழங்குகிறது. பள்ளி கற்றுத்தந்தால் விடாதீர்கள்.

மேற்கோள் காட்டும் ஒழுங்கில் கவனம் வேண்டும். மற்றவர் எழுதிய வரியை அப்படியே எடுத்தாண்டுவிட்டு மூலத்தைச் சொல்லாமல் விட்டால், அது அங்கே பெரிய குற்றம். குழு வேலைகள் ஏராளம் இருக்கும். அதில் அமைதியாக இருந்து எல்லா வேலையையும் ராத்திரியில் தனியாக முடித்துக்கொடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை விடுங்கள். கூட்டத்தில் எதிர்க் கருத்தை மரியாதையோடு சொல்லப் பழகுவதும் இந்தப் படிப்பின் பகுதிதான். நாளை ஒரு கவுன்டி அதிகாரி முன் அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

எட்டாம் படி: களப்பயிற்சி

நான் மிக வலியுறுத்த விரும்புவது இந்தப் படியைத்தான். எம்.பி.எச். மாணவர் ஒவ்வொருவரும் வகுப்பறைக்கு வெளியே ஓர் அமைப்பில் வேலை செய்து, அந்த அமைப்புக்குப் பயன்படும்படி குறைந்தது இரண்டு படைப்புகளைச் செய்து தர வேண்டும் என்பது சி.இ.பி.எச். விதி. ஓர் அறிக்கையாக இருக்கலாம், பயிற்சிக் கையேடாக, தரவு ஆய்வாக, கொள்கைக் குறிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் ஆண்டுக் கோடையில் நடக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பதன் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது. மாநிலத் துறையிலும் கவுன்டித் துறைகளிலும் உங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இடம் தேடும் முன் அந்த மாநிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். வட கரோலினாவில் 100 கவுன்டிகள். உள்ளூர்ச் சுகாதாரத் துறைகள் உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. மிசிசிப்பி, ஆர்கன்சா போன்ற மாநிலங்களில் மாநிலத் துறையே உள்ளூர் அலுவலகங்களையும் நடத்துகிறது. முதல் வகையில் ஒவ்வொரு கவுன்டியையும் தனித்தனியாகத்தான் அணுக வேண்டும். இரண்டாம் வகையில் தலைநகரிலிருந்து ஓர் ஒப்புதல் போதும். ஆனால் அது வருவதற்குக் காலம் ஆகலாம்.

தேடலைக் கோடைக்கு முந்தைய அக்டோபரிலேயே தொடங்குங்கள். காரணம் மூன்று தாள்கள். பல்கலைக்கழகத்துக்கும் அந்த அமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் முதலாவது. புதிய இடமானால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் பார்த்துக் கையெழுத்தாக மாதங்கள்கூட ஆகும்; ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள இடங்களின் பட்டியலைப் பள்ளியிடமே கேளுங்கள். இரண்டாவது, பின்னணிச் சரிபார்ப்பும் தடுப்பூசிப் பதிவும். மூன்றாவது சி.பி.டி., அதாவது படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வெளியே பயிற்சி செய்யும் அனுமதி. எஃப்-1 மாணவர் வளாகத்துக்கு வெளியே பயிற்சி செய்ய, அனுமதி ஐ-20-இல் ஏறிய பிறகே தொடங்க வேண்டும். ஒரு நாள் முன்னால் தொடங்கினாலும் விதிமீறல். சம்பளம் இல்லாத பயிற்சிக்கும் சி.பி.டி. கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. முழுநேர சி.பி.டி.யில் 12 மாதத்தை எட்டிவிட்டால் பிறகு ஓ.பி.டி. கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த இடம் நல்லது? பெயர் பெற்ற பெரிய அமைப்பில் கடைசி மேசையில் உட்காருவதைவிட, ஆள் பற்றாக்குறையில் இருக்கும் ஒரு கிராமப்புறக் கவுன்டித் துறை நல்லது என்பது என் உறுதியான கருத்து. அங்கே காலையில் தடுப்பூசிப் பதிவைச் சரிபார்ப்பீர்கள், மதியம் உணவகச் சோதனைக்கு உடன் போவீர்கள், மாலையில் பள்ளிக் குழுவுக்கு முன் பேசுவீர்கள். பொதுச் சுகாதாரம் முழுதாக எப்படி இயங்குகிறது என்பதை ஒரே கோடையில் பார்க்கலாம். ஆனால் அங்கே பேருந்து இருக்காது. ஓட்டுநர் உரிமமும் காரும், அல்லது கார் வைத்திருக்கும் ஒரு நண்பரும் வேண்டும்.

முதல் மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். யார் நீங்கள், எந்தப் பருவம், எத்தனை மணி நேரம் தர முடியும், உங்களுக்கு என்ன தெரியும், அந்தக் கவுன்டியின் எந்தச் சிக்கலில் உங்களுக்கு ஆர்வம். கடைசியாகச் சொன்னதற்கு, அந்தக் கவுன்டி வெளியிட்டிருக்கும் சுகாதார மதிப்பீட்டு அறிக்கையைப் படித்திருக்க வேண்டும். பெரும்பாலான கவுன்டிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படி ஒன்றை வெளியிடுகின்றன. அதைப் படித்துவிட்டு எழுதும் மாணவரை அவர்கள் எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். அதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

போன இடத்தில் மக்களை 'டார்கெட்' என்று பார்க்காதீர்கள். வீட்டு வாசலில் நிற்கும்போது உங்களிடம் இருக்கும் கேள்வித்தாளைவிட அவர் சொல்ல வருவது முக்கியம். அமெரிக்கக் கிராமப்புறத்தில் தூரம், காப்பீடின்மை, அரசின் மீதான அவநம்பிக்கை எல்லாம் நோயோடு பின்னியிருக்கின்றன. உச்சரிப்பு வேறாக இருக்கும் வெளிநாட்டு மாணவரிடம் அவர்கள் மனம் திறப்பார்களா என்று தயங்காதீர்கள். பொறுமையாகக் கேட்பவரிடம் பேசுவார்கள்.

ஒன்பதாம் படி: நிறைவுப் பணி

கடைசிப் பருவத்தில் கற்றதையெல்லாம் சேர்த்து ஓர் எழுத்துப் பணி செய்ய வேண்டும். புதிதாகத் தரவு திரட்டக் கிளம்பினால் ஐ.ஆர்.பி. என்ற ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே பருவம் போய்விடலாம். பொதுவில் கிடைக்கும் தரவு போதும். பி.ஆர்.எஃப்.எஸ்.எஸ். என்ற தொலைபேசிக் கணக்கெடுப்பு 1984 முதல் நடக்கிறது. மாநிலச் சுகாதாரத் துறைகளே சி.டி.சி.யோடு சேர்ந்து நடத்துவது. ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பேசுகிறார்கள். புகைபிடித்தல், நீரிழிவு, உடற்பயிற்சி, மருத்துவரைப் பார்க்கப் பணமின்மை என்று எல்லாம் அதில் உண்டு, மாநில வாரியாக. தரவிறக்கம் இலவசம். எடையிட்டுக் கணக்கிடும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் அதைத் தொடாதீர்கள், சதவீதங்கள் தவறாக வரும். களப்பயிற்சி செய்த கவுன்டியில் கேட்ட கேள்வியை மாநில அளவில் இந்தத் தரவில் தேடிப் பார்ப்பது சிறந்த நிறைவுப் பணி. முடிந்ததும் அந்தத் துறைக்கு இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை அனுப்பிவையுங்கள்.

பத்தாம் படி: பட்டத்துக்குப் பின்

ஓ.பி.டி. விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து, முடிந்த பின் 60 நாள் வரை அனுப்பலாம். சர்வதேச மாணவர் அலுவலகம் பரிந்துரைத்துப் புதிய ஐ-20 தந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். முதல் நாளிலேயே அனுப்புங்கள். ஓ.பி.டி. தொடங்கியபின் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம்.

கூட்டரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள். மாநில, கவுன்டி வேலைகளில் ஓ.பி.டி.யில் சேரலாம், விசா ஸ்பான்சர் செய்வார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், நேர்காணலின் இறுதியில் நேராகக் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் எச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டு எண்ணிக்கை வரம்புக்கு வெளியே இருப்பதால், ஆய்வுத் திட்ட ஒருங்கிணைப்பாளர், தரவு ஆய்வாளர் போன்ற வேலைகளை உங்கள் சொந்தப் பள்ளியிலேயே முதலில் தேடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. நண்பரின் அனுபவத்தை நம்பாமல், அந்தந்த நேரத்து நிலையைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

சி.பி.எச். என்ற சான்றிதழ்த் தேர்வு ஒன்று உண்டு. கட்டாயமில்லை. எழுதுவதானால் பாடங்கள் நினைவில் இருக்கும்போதே, கடைசிப் பருவத்தில் எழுதிவிடுங்கள். சில பள்ளிகள் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கின்றன, அலுவலகத்தில் கேளுங்கள்.